தொட்டவன் திரும்ப வேண்டும்



சென்ற திங்களில் ஒரு மாலைப்பொழுது. நம் பங்கைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் இளைஞர்கள் நடத்திய சடுகுடுப் போட்டிக்கு நம்மை அழைத்திருந்தனர். அறுவடை முடிந்த வயலைச் சமன்செய்து, சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்து, நான்கு மூலைகளிலும் விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். நமக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தனர். அதன் அருகே தரையில், மடியில் வெற்றிலைப் பையுடன் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். ஆடியவர்களுள் ஒருவன் அவருடைய பேரன் என்பது நமக்குப் பின்னரே தெரிந்தது.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களே எஞ்சியிருந்தன. இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. அந்தப் பேரன் பாடிச் சென்றான். நல்ல உடற்கட்டு, மின்னல் போன்ற கால்கள். ஒரே சுழற்சியில் மூவரைத் தொட்டுவிட்டான். கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்போதே திரும்பியிருந்தால் மூன்று புள்ளிகள், வெற்றியும் கையில். அவன் திரும்பவில்லை. நான்காமவனையும் தொட்டுவிடலாம் என்று நின்றான். தொடையையும் ஒருமுறை தட்டினான். அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. மூலையில் நின்றவன் கணுக்காலைப் பற்றினான். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். நீட்டிய விரல்களுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே ஒரு சாண் தொலைவு. தொடப்பட்ட மூவரும் களத்திலேயே நின்றார்கள், தொட்டவன் வெளியேறினான். ஆட்டமும் கைவிட்டுப் போயிற்று.

மூதாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியவாறே, நிமிர்ந்தும் பாராமல் சொன்னார்: “தொட்டா மட்டும் ஆச்சா சாமி? வீடு வந்து சேர வேண்டாமா?”

அந்த வார்த்தை இன்றுவரை நம் உள்ளத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் உள்ள உறவைப் பற்றிப் பலர் பல நூல்கள் எழுதியிருக்கலாம். வெற்றிலை மடிக்கும் நேரத்தில் அந்த அம்மையார் அதன் சாரத்தைச் சொல்லிவிட்டார். இத்திங்கள் அதைக் குறித்தே சிறிது சிந்திப்போம்.

சடுகுடுவின் இலக்கணம்

சடுகுடு என்றும் கபடி என்றும் நாம் அழைக்கும் இவ்விளையாட்டின் விதிகளை நாம் சிறுவயது முதல் அறிவோம். எனினும், அறிந்த விதிகளை ஒருமுறை நிறுத்தி நோக்கினால் அவற்றுள் ஒரு வாழ்க்கை நெறியே அடங்கியிருப்பது புலப்படும்.

அணிக்கு எழுவர் களத்தில் நிற்பர். ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுவே ஒரு கோடு. பாடிச் செல்பவனுக்கு 30 நொடிகள். எழுவர் நிற்கும் இடத்துக்குள் அவன் தன்னந்தனியாகப் போகிறான். ஒரே மூச்சில் பாடிக்கொண்டே தொடவேண்டும். அந்த மூச்சு அறுபடுமுன் தன் எல்லைக்குத் திரும்பவேண்டும். எத்தனை பேரைத் தொட்டாலும், நடுக்கோட்டைத் தொடாதவரையில் அவன் கணக்கில் ஒன்றும் ஏறுவதில்லை. தாக்குதல் திரும்புதலில்தான் நிறைவு பெறுகிறது என்பது இவ்விளையாட்டின் முதல் விதி.

அப்படியானால், போவதுபோலப் பாவனை செய்துவிட்டுப் பாதுகாப்பாகத் திரும்பிவிடலாமே என்று ஒருவன் எண்ணக்கூடும். அதற்கும் விதி இடந்தரவில்லை. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் உள்ளே இன்னொரு கோடு உண்டு. எவரையும் தொடாமல் வருபவன் அக்கோட்டையேனும் கடந்துவிட்டு வரவேண்டும்; கடவாமல் திரும்பினால் அவனே ஆட்டமிழப்பான். 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய புரோ கபடிப் போட்டிகளில் இன்னும் ஒரு படி மேலே சென்றுள்ளார்கள். இருமுறை தொடர்ந்து வெறுங்கையுடன் திரும்பிய அணியில், மூன்றாம் முறை பாடிச் செல்பவன் ஒரு புள்ளியேனும் ஈட்டியாக வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். அஞ்சி அஞ்சி ஒதுங்குபவனுக்கும் காலம் முடிவில்லாமல் காத்திருப்பதில்லை.

தற்காப்பின் பக்கத்தையும் பாருங்கள். பாடி வருபவன் தனியன். ஆனால் பிடிப்பவர்கள் தனியராய் நிற்பதில்லை. ஓரத்தில் நிற்பவன் அடுத்து நிற்பவனின் கையைப் பற்றியிருக்கிறான். ஒருவன் முந்தினால் மற்றவன் இழுத்து நிறுத்துகிறான். ஒருவன் பாய்ந்தால் மற்றவனும் உடன் பாய்கிறான். கைகோக்காத தற்காப்பு ஒரு நல்ல ஆட்டக்காரனின் முன் நிலைப்பது அரிது. இன்னொன்றும் உண்டு: களத்தில் மூவரோ அதற்கும் குறைந்தவரோ எஞ்சியுள்ள நிலையில் வந்தவனைப் பிடித்துவிட்டால், அவ்வணிக்கு ஒன்றுக்கு இரண்டாகப் புள்ளி வழங்குகிறது புரோ கபடி விதி. எண்ணிக்கையில் இளைத்தவன் காட்டும் துணிவுக்குக் கூடுதல் மதிப்பு! எல்லாவற்றிலும் அழகானது மற்றொரு விதி. எதிரணியில் ஒருவரை வெளியேற்றும்போது, முன்னர் வெளியேறிய நம் தோழன் ஒருவன் மீண்டும் களத்துள் வருகிறான். தொட்டு வென்றாலும் சரி, பிடித்து வென்றாலும் சரி, இழந்த ஒருவனை மீட்டுத் தருவதே இவ்வாட்டத்தில் வெற்றியின் பயன்.

இதில் தேறியவர்களும் தடுமாறியதுண்டு. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1990-ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரில் ஆடவர் கபடி சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு தொடங்கி 2014 வரை தொடர்ந்து ஏழுமுறை தங்கம் வென்றது இந்தியா. 2018-இல் ஜகார்த்தா நகரில் நடந்த அரையிறுதியில் ஈரானிடம் 18-க்கு 27 என்ற கணக்கில் தோற்றது. பாடிச் செல்வதில் புகழ்பெற்ற பலர் நம் பக்கம் இருந்தனர். ஆனால் ஈரானியரோ பிடிப்பதில் வல்லவர்கள். அவர்கள் அமைத்த வலையுள் நம்மவர் புகுந்தனர், பலர் திரும்பவில்லை. அந்த ஆண்டுத் தங்கம் ஈரானுக்கே சென்றது. போகத் தெரிந்தவனுக்குத் திரும்பும் வழியும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அன்று நாடே கண்டது.

இரண்டு ஆட்டங்கள், இரண்டு பாடங்கள்

கால்பந்திலும் இதே உண்மையைக் காணலாம். இரண்டு ஆட்டங்களை மட்டும் நினைவுகூர்வோம்.

முதலாவது, 1967 மே 25 அன்று போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் இத்தாலியின் இன்டர் மிலான். 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அதே கோப்பையை வென்ற அணி. அவர்களுடைய ஆட்டமுறைக்கு இத்தாலிய மொழியில் ‘கத்தேனாச்சோ’ என்று பெயர். தாழ்ப்பாள் என்பது அதன் பொருள். ஒரு கோல் அடிப்பது, பிறகு கதவைத் தாழிட்டுக்கொள்வது: இதுவே அவர்கள் கலை. மறுபக்கம் ஸ்காட்லாந்தின் செல்டிக். கிளாஸ்கோ நகரின் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டும் நோக்குடன் மரிஸ்ட் சபைத் துறவி ஒருவர் 1887-இல் தோற்றுவித்த சங்கம் அது. அன்று ஆடிய பதினொருவரும் அந்நகரைச் சுற்றி 30 மைல் தொலைவுக்குள் பிறந்தவர்கள்.

ஏழாம் நிமிடத்திலேயே பெனால்டி வாய்ப்பில் மிலான் ஒரு கோல் அடித்தது. உடனே தாழ்ப்பாள் விழுந்தது. அதன் பிறகு அவர்கள் முன்னேறிச் செல்வதையே ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். செல்டிக் அலை அலையாக வந்து மோதியது. 63-ஆம் நிமிடத்தில் தாழ்ப்பாள் உடைந்தது. அடித்தவர் முன்வரிசை வீரர் அல்லர். பின்வரிசையில் காவல் காக்கவேண்டிய ஜெம்மல் என்பவர்! ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் சால்மர்ஸ் இரண்டாவது கோலையும் அடித்தார். கோப்பை கிளாஸ்கோவுக்குச் சென்றது. வீட்டைத் தாழிட்டு உள்ளேயே இருந்தவர்கள், கதவு உடைந்தபோது வெளியே வந்து போராடும் பழக்கத்தையே இழந்திருந்தார்கள்.

இரண்டாவது, 1982 ஜூலை 5 அன்று ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் நடந்த உலகக் கோப்பை ஆட்டம். பிரேசிலும் இத்தாலியும் மோதின. அந்தப் பிரேசில் அணியைப் போல் அழகாக ஆடிய அணி அரிது என்று இன்றும் கூறுவோர் பலர். சமநிலையில் முடிந்தாலே பிரேசில் அரையிறுதிக்குச் சென்றுவிடும். இத்தாலியோ வென்றே தீரவேண்டும். ரோசி முதல் கோல் அடித்தார். சாக்ரட்டீஸ் அதைச் சமன்செய்தார். பிரேசில் வீரர் ஒருவர் தம் பகுதியில் அலட்சியமாக உதைத்த பந்தைப் பறித்து ரோசி மீண்டும் அடித்தார். 68-ஆம் நிமிடத்தில் ஃபல்கோ அதையும் சமன்செய்தார். இரண்டுக்கு இரண்டு. எஞ்சிய சுமார் இருபது நிமிடங்கள் கோட்டையைக் காத்திருந்தால் போதும். ஆனால் முன்னேறுவதே அவர்கள் இரத்தத்தில் ஊறிய பழக்கம்; அதை அவர்களால் விட முடியவில்லை. 74-ஆம் நிமிடத்தில் ரோசி தம் மூன்றாவது கோலையும் அடித்தார். கடைசி நேரத்தில் பிரேசில் தலையால் முட்டிய பந்தை நாற்பது வயதான காவலர் சோஃப் கோட்டின்மேல் பாய்ந்து பற்றிக்கொண்டார். பிரேசில் வீடு திரும்பியது. இத்தாலி உலகக் கோப்பையையே வென்றது.

கவனியுங்கள்: 1967-இல் தற்காப்பை மட்டும் நம்பியவர்கள் தோற்றார்கள். 1982-இல் தாக்குதலை மட்டும் நம்பியவர்கள் தோற்றார்கள். தாழ்ப்பாளுக்குப் பெயர்பெற்ற அதே இத்தாலி நாடு, பின்னதில் மூன்று கோல்களை அடித்தும் இறுதிப் பந்தைத் தடுத்தும் வென்றது. தாக்குதலும் தற்காப்பும் பகைவர் அல்லர். ஓர் உடலின் இரு நுரையீரல்கள்.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். மதிலை முற்றுகையிடுபவர் உழிஞைப் பூச் சூடினர். மதிலைக் காப்பவர் நொச்சிப் பூச் சூடினர் என்று புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கிறது. ஒருவருக்கு மாலை, மற்றவருக்கு வெறுந்தலை என்று வைக்கவில்லை. போருக்குச் செல்பவனுக்கும் கோட்டை வேண்டும், அஞ்சி உள்ளிருப்பவனுக்கும் கோட்டை வேண்டும் என்ற கருத்துடன்தான் வள்ளுவர் தம் ‘அரண்’ அதிகாரத்தைத் தொடங்குகிறார். அதே அதிகாரத்தை முடிக்கும்போது, உள்ளிருப்போர் செயல்திறம் அற்றவராயின் எத்தகைய கோட்டையும் பயனற்றது என்கிறார். காலமறிதலைப் பேசும் இடத்திலோ, முட்டுவதற்கு முன் பின்வாங்கும் ஆட்டுக்கடாவை நமக்குக் காட்டுகிறார். பின்வாங்குவது தோல்வியன்று, அது பாய்ச்சலின் முதற்பகுதி.

களத்திலிருந்து இல்லத்துக்கு

நிற்க. விளையாட்டில் தோற்றால் அடுத்த ஆண்டு மீண்டும் ஆடலாம். இல்லத்தில் தோற்றால் என் செய்வது? நாம் அறிந்த இரண்டு குடும்பங்களின் நிகழ்ச்சிகளை, பெயரும் ஊரும் மறைத்து, ஈண்டுக் குறிப்பிடுகிறோம்.

முதலாமவர் ஒரு சாந்தமான மனிதர். குடிப்பழக்கம் இல்லை, உரத்த குரலும் இல்லை. மணமாகிப் பதினோராண்டுகள். ஒருநாள் அவருடைய மனைவி பிள்ளையை அழைத்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டார். கணவர் நம்மிடம் வந்து கண்கலங்கினார். “நான் அவளை ஒரு சொல்கூடத் திட்டியதில்லை சாமி. அவள் கோபமாகப் பேசினால் நான் வாயே திறக்கமாட்டேன்” என்றார். பின்னர் அப்பெண்ணையும் கண்டோம். அவர் சொன்னார்: “அதுதான் சாமி என் குறை. கடனைப் பற்றிக் கேட்டால் பேசமாட்டார். பிள்ளை படிப்பைப் பற்றிக் கேட்டால் பேசமாட்டார். அவருடைய அண்ணன் என்னை நாலு பேர் முன்னால் அவமானமாகப் பேசினபோதும் வாய் திறக்கவில்லை. பதினோரு வருசமாக நான் சுவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.”

அம்மனிதர் தம் மௌனத்தைப் பொறுமை என்று நம்பியிருந்தார். உண்மையில் அது தாழ்ப்பாள். பாடிச் செல்லவேண்டிய நாளில் அவர் நடுக்கோட்டைவிட்டு நகரவே இல்லை. தம் மனைவிக்காக அண்ணன் முன் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பொறுமை வேறு, ஒதுங்குதல் வேறு. காக்கவேண்டியவரைக் காக்காத அமைதிக்குத் தற்காப்பு என்னும் பெயரும் பொருந்தாது.

இரண்டாமவர் இதற்கு நேர் எதிர். தம் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டான். நண்பர்கள், கைபேசி, சோம்பல் என்று காரணங்களை அடுக்கி, தந்தை காலையும் மாலையும் அவனைக் கண்டித்தார். அவர் கூறிய ஒவ்வொன்றும் உண்மை, அதில் ஐயமில்லை. சடுகுடு மொழியில் சொன்னால், ஒவ்வொரு முறையும் தொட்டார். ஆனால் ஒருமுறையும் திரும்பவில்லை. உணவு வேளையில் அதே பேச்சு. உறவினர் வந்தால் அதே பேச்சு. உறங்கப் போகையிலும் அதே பேச்சு. ஒரு நாள் விடியற்காலை, மகன் திருப்பூருக்குப் பேருந்தேறிவிட்டான். பனியன் கம்பெனியில் வேலை. நான்கு மாதங்களாகத் தொலைபேசியில்கூட ஒரு வார்த்தை இல்லை. “நான் சொன்னது தப்பா சாமி?” என்று தந்தை நம்மைக் கேட்டார். “தப்பில்லை ஐயா. ஆனால் சொல்லிவிட்டு நீங்கள் திரும்பி வரவில்லையே” என்றோம்.

பிறரைப் பற்றியே கூறிக்கொண்டிருப்பது நேர்மையாகாது. நம் குறையையும் சொல்லிவிடுகிறோம். குருப்பட்டம் பெற்ற புதிதில், பாடற்குழு இளைஞன் ஒருவன் தொடர்ந்து தாமதமாக வருவது கண்டு, எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டோம். அவன் மறுநாள் முதல் வரவில்லை. அவன் தாய்க்கு நோய் என்பதும், விடியலில் சமைத்து வைத்துவிட்டே அவன் வந்துகொண்டிருந்தான் என்பதும் பிறகு தெரிந்தது. அவன் இல்லத்துக்கு நடந்து செல்ல இருபது நிமிடங்கள் போதும். நமக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

திரும்பும் வழி

அப்படியாயின், திரும்புதல் என்றால் என்ன? சொன்னதை மறுப்பதா? அன்று. கண்டிக்க வேண்டியதைக் கண்டிப்பது பெற்றோர் கடமை; நியாயத்தைக் கேட்பது குடும்பத்தினர் ஒவ்வொருவரின் உரிமை. கோட்டைத் தாண்டிச் செல்லும் துணிவு வேண்டும். ஆனால் அந்தப் பேச்சுக்கு ஓர் எல்லையும் வேண்டும். முப்பது நொடி என்று விதித்தவன் அறிவாளி! ஒருமுறை, தனிமையில், தெளிவாகச் சொல்லிவிட்டு, அதே பாயில் அமர்ந்து அதே குழம்பை ஊற்றி உண்ணவேண்டும். “இந்தப் பேச்சு முடிந்தது, நீ என் மகன் என்பது முடியவில்லை” என்பதை முகம் காட்டவேண்டும்.

தற்காத்தலுக்கும் ஒரு முறை உண்டு. அது கைகோத்து நிற்பது. கணவனும் மனைவியும் ஒரே அணி என்பதை மறந்து, ஒருவரையொருவர் பிடிக்க முயலும் வீடுகள் பல. கடனும், நோயும், ஊராரின் நாக்கும் பாடிக்கொண்டே உள்ளே வரும்போது, இருவர் கைகளும் பற்றியிருந்தால் அன்றோ எதையும் பிடித்து நிறுத்தலாம்? எஞ்சியிருப்பவர் இருவரே ஆயினும் கவலை வேண்டா. அந்த நிலையில் பெறும் புள்ளிக்கு மதிப்பு இரண்டு மடங்கு என்பதை முன்னரே கண்டோம்.

முதலாமவர் தம் அண்ணனிடம் சென்று, பல ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னார். குரல் நடுங்கியதாம், ஆனாலும் சொல்லி முடித்தார். பின்னர் மாமனார் வீட்டுக்குச் சென்று, கடன் கணக்கை மனைவியின் முன் விரித்து வைத்தார். அப்பெண் உடனே திரும்பிவிடவில்லை. கணக்கைப் பார்த்துக் கேள்விகள் கேட்டார், அவர் பதில் சொன்னார். மூன்று வாரங்கள் கழித்துக் குடும்பம் ஒன்றாயிற்று. இரண்டாமவர் திருப்பூருக்குச் சென்றார். கம்பெனி வாயிலில் காத்திருந்து, மகனைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனாராம். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. “சாப்பாடு எப்படி?” என்று மட்டும் கேட்டாராம். மகன் இன்னும் ஊர் திரும்பவில்லை. தேர்வையும் மீண்டும் எழுதவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறான். அது சிறிய புள்ளிதான். ஆயினும் கணக்கில் ஏறிவிட்டது.

அந்தச் சடுகுடு மாலையின் எஞ்சிய பகுதியையும் சொல்லி முடிக்கிறோம். பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலைந்தது. பிடிபட்ட அவ்விளைஞன் வரப்பின் இருட்டில் தனியே குந்தியிருந்தான். தோழர்கள் சிலர் அவனைக் கேலி பேசிவிட்டுப் போனார்கள். மூதாட்டி மெல்ல எழுந்து, ஒரு செம்பில் தண்ணீர் வாங்கிக்கொண்டு அவனிடம் சென்றார். நம்மிடம் கூறிய அந்தக் கூரிய வார்த்தையை அவனிடமும் கூறுவாரோ என்று எதிர்பார்த்தோம். அவர் செம்பை நீட்டினார். அவன் குடித்தான். சிராய்த்திருந்த முழங்கையை முந்தானையால் துடைத்துவிட்டார்.

“வா, சோறு ஆறுது” என்றார்.

இருவரும் வரப்பின் வழியே வீடு நோக்கி நடந்தார்கள்.